ஆறு ஜன்னலும் ஒரு நாற்காலியும்

அதர்மம் தலைவிரித்து ஆடும்போதெல்லாம் அதை அடக்க ஒரு பெண் எழுந்து நிற்கிறாள் என்று நம் காவியங்கள் முழங்குகின்றன. அவள் எழுந்தால் பூமி நடுங்கும், கடல் பின்வாங்கும், கொடியவர்களின் குலை பதறும். 2008ஆம் ஆண்டு ஆடி மாதத்தில், அருள்புரத்தில், சித்ராதேவியும் எழுந்து நின்றாள். உட்கார நாற்காலி இல்லாததுதான் காரணம்.

நாற்காலி இருந்தது. அதில் ஸ்ரீ பொன்னாத்தாள் நிட் கார்மெண்ட்ஸின் இ.டி.பி. மேனேஜர் தனபால் உட்கார்ந்திருந்தார். தனபால், முதலாளி கிட்டுசாமியின் மச்சினன். கம்பெனியில் அவருக்கிருந்த தகுதி அந்த ஒன்றுதான். ஆனால் மற்ற எல்லாத் தகுதிகளும் அதற்குக் கீழேதான் வரும். இ.டி.பி. என்ற மூன்றெழுத்தின் விரிவு என்ன என்று ஒருமுறை ஆடிட்டர் கேட்டதற்கு, "அது பழைய பேருங்க, இப்ப ரொம்ப விரிஞ்சு போச்சுங்க" என்று பதில் சொன்னவர் அவர்.

அன்றைக்கு ஜெர்மனியிலிருந்து பனியன் வாங்குகிறவர்கள் இரண்டு பேர் வந்திருந்தார்கள். அருள்புரம் தலைமை அலுவலகம், சேவூர் தையல் யூனிட், சாயப்பட்டறை, பிரிண்டிங் என்று நான்கு இடத்துக் கம்ப்யூட்டர்களும் ஒன்றோடொன்று பேசிக்கொள்வதைப் பார்த்து வியந்தார்கள். பேச வைத்தவள் சித்ராதேவி. ஓவர்லாக் டைலர் குருசாமிக்கும் செக்கிங்கில் வேலை பார்க்கும் சின்னத்தாய்க்கும் மகள். சாத்தூர்ப் பக்கமிருந்து குடும்பம் திருப்பூருக்கு வந்தபோது அவளுக்கு நான்கு வயது. டிப்ளமோ முடித்து, சிஸ்டம் அட்மின் என்று வேலைக்குச் சேர்ந்து, மொட்டைமாடி டவரில் ஏறி டிஷ்ஷைச் சேவூர் பக்கம் திருப்பியதும், ரூட்டர்களுக்கு வழி சொல்லிக்கொடுத்ததும், சாயப்பட்டறை ஆவியில் கேபிள் அவிந்து போகும்போதெல்லாம் மூக்கில் துப்பட்டாவைக் கட்டிக்கொண்டு உள்ளே போனதும் அவள்தான்.

"மை நெட்வொர்க்," என்றார் தனபால், கையை அகல விரித்து. பிறகு, தம் நாற்காலிக்குப் பின்னால் நின்றவளையும் விட்டுவிடாமல் கருணையோடு அறிமுகம் செய்தார். "திஸ் இஸ் சித்ரா. ஷி கிளீன்ஸ் த மவுஸ்."

ஜெர்மன்காரர்களில் ஒருவர் சித்ராதேவியைப் பார்த்து மரியாதையாகத் தலையசைத்து, கையிலிருந்த தாளில் ஏதோ குறித்துக்கொண்டார். அடுத்த வாரம் வந்த ஆய்வறிக்கையில், எலி ஒழிப்புக்குத் தனி ஊழியர் வைத்திருப்பதற்காகக் கம்பெனிக்கு ஒரு பாராட்டு இருந்தது.

அதோடும் முடியவில்லை. போட்டோ எடுக்கும் நேரத்தில் தனபால் திரும்பி, கையால் ஓரத்தைக் காட்டி, "ஏங் கண்ணு, செத்த அக்கட்டால நின்னுக்கறீங்களா?" என்றார்.

வீட்டில் சித்ராதேவி சோற்றைத் தொடவில்லை.

"ஏட்டி, 'ங்க' போட்டுத்தான சொல்லிருக்காரு?" என்றாள் சின்னத்தாய். "எங்க லைன் சூப்பர்வைசரு எங்களுக்கு அந்த 'ங்க'கூடப் போட மாட்டான்."

"அதாம்மா எரியுது. போடீன்னு சொல்லியிருந்தா நானும் போடான்னு சொல்லிட்டு வந்திருப்பேன். 'ங்க' போட்டு மிதிச்சா என்னத்தத் திருப்பிச் சொல்ல?"

"அப்ப நீயும் 'ங்க' போட்டே மிதி."

சித்ராதேவி சோற்றுத் தட்டை இழுத்துக்கொண்டாள்.

அவளுடைய கோபத்துக்கு இன்னொரு வேரும் உண்டு. உலகம் முழுக்க மதிக்கிற ஒரு நெட்வொர்க் பட்டம் இருந்தது. அதற்கு முதலில் ஓர் எழுத்துத் தேர்வு, அதில் தேறினால் பெங்களூரில் எட்டு மணி நேர லேப் பரீட்சை. அந்த வருஷத் தொடக்கத்தில், விசிட்டிங் கார்டில் போடுவதற்கு ஏதாவது வேண்டும் என்று தனபாலுக்கு ஆசை வந்து, கோயம்புத்தூரில் எழுத்துத் தேர்வுக்குப் பணம் கட்டினார். துணைக்குச் சித்ராதேவிக்கும் கம்பெனியே கட்டியது. ஏற்பாடு எளியது: அவள் எத்தனை முறை இருமுகிறாளோ அத்தனையாவது விடையை அவர் குறிப்பார். ஒன்றரை மணி நேரம் அவள் காசநோய்க்காரிபோல் இருமினாள். கேள்விகள் இருவருக்கும் வேறு வேறு வரிசையில் வந்தன என்பது வெளியே வந்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது. அவள் தேறினாள். அப்படியும் தனபாலும் தேறிவிட்டார். கொடுத்து வைத்தவர். வரிசை மாறிய சங்கதியை அவள் அவரிடம் சொல்லவில்லை. தொண்டை புண்ணாகிப் பதினைந்து நாள் மிளகுப்பால் குடித்ததற்குக் கைம்மாறாகக் கிடைத்ததுதான் அந்த எலி.

ஆயுத பூஜை அன்று கிட்டுசாமி மைக் பிடித்தார். மெஷின்களுக்கெல்லாம் சந்தனம் வைத்து, மைக்குக்கும் வைத்திருந்தார்கள்.

"நம்ம கம்பெனியில இருந்து பெங்களூருக்குப் பெரிய பரீட்சைக்குப் போறாங்க. ஆரு பாஸ் பண்ணிட்டு வர்றாங்களோ, அவங்கதான் இனிமேல் நாலு யூனிட்டுக்கும் நெட்வொர்க் ஹெட்டு. மேல கட்டியிருக்கற ஏசி ரூமும் சுத்தற நாற்காலியும் அவங்களுக்குத்தானுங்க. இது நான் ஆத்தா முன்னால சொல்ற வார்த்தை."

அவர் 'ஆரு' என்று சொன்னது மேடைப் பேச்சின் அலங்காரத்துக்காக. மனதில் இருந்தது மச்சினன் மட்டும்தான். ஆனால் பொரி வாங்கக் கையேந்தி நின்ற நானூறு பேரில் ஒருத்தி அந்த 'ஆரு'வை அப்படியே எடுத்து முடிந்துகொண்டாள்.

மறுநாளே தனபால் அவள் மேசைக்கு வந்தார். "ஏங் கண்ணு, உங்களுக்கும் சேத்தி லேப்புக்குத் தேதி போட்டுட்டனுங்க. டிசம்பர்ல ஒரே நாளு, ஒரே ஹாலு. நீங்க பக்கத்துல இருந்தா எனக்கு ஒரு தெம்புங்க."

"இருமணுங்களா சார்?"

"அது நிலைமையைப் பாத்துக்கலாங்க."

அந்த வாரக் கடைசியில் கம்பெனி வாசலில் பிளெக்ஸ் எழுந்தது. பதினைந்தடி உயரத்தில் தனபால், பின்னால் பூமி உருண்டை, முன்னால் ஒரு லேப்டாப். 'பெங்களூர் நோக்கிப் புறப்படும் வலைப்பின்னல் வேந்தே, வென்று வா!' லேப்டாப் மூடியிருந்தது.

பரீட்சை எழுதுகிறவர்களைக் கவிழ்ப்பது பாடமல்ல, ஜன்னல். ஆறு கருவிகள் வேறோர் அறையில் பூட்டிக் கிடக்கும். அவற்றோடு பேச, திரையில் ஒவ்வொன்றுக்கும் ஒரு ஜன்னல் திறக்க வேண்டும். எல்லா ஜன்னலும் ஒரே கறுப்பு, எல்லா எழுத்தும் ஒரே வெள்ளை. வரியின் தொடக்கத்தில் பொடியாக இருக்கும் பெயரைப் பார்த்தால்தான் எது எந்தக் கருவி என்று தெரியும். அவசரத்தில் அதை யாரும் பார்ப்பதில்லை. நன்றாகப் படித்தவர்கள்கூட, சேவூருக்குச் சொல்ல வேண்டியதைச் சாயப்பட்டறைக்குச் சொல்லிவிட்டுத் தலையில் கை வைப்பது இதனால்தான்.

சித்ராதேவி திருப்பூர்க்காரி. சாய நிறங்களை வரிசையாக ஒட்டிய சேட் கார்டு பார்த்து வளர்ந்தவள். ஆறு ஜன்னலுக்கும் ஆறு நிறம் கொடுத்தாள். மற்ற ஐந்துக்கும் தலையான முதல் கருவி நேவி. அடுத்து மெரூன், பாட்டில் கிரீன், காபி பிரவுன், கிரே மெலஞ்ச். ஆறாவது ஒரு கடைக்குட்டி. அதற்கு வேலை சொற்பம், மார்க்கும் சொற்பம். அது கறுப்பாகவே இருக்கட்டும் என்று விட்டாள். சாப்பாட்டு இடைவேளையில் தினமும் பழகிப் பழகி, ஐப்பசி முடிவதற்குள் அவள் பெயரைப் படிப்பதையே விட்டுவிட்டாள். கை நிறத்துக்குப் போகும், நிறம் கருவிக்குப் போகும்.

தனபால் எட்டிப் பார்த்தார். "என்னங் கண்ணு, ஆர்டர் புடிக்கற மாதிரி கலர் கலரா வெச்சிருக்கீங்க? எனக்கெல்லாம் ஒரு ஜன்னல் போதுங்க. ஒரு நேரத்துல ஒரு வேலை."

அவர் முறையே தனி. ஜன்னலைச் சுருக்கினால் அது செத்துப்போனதாக நம்புவார். அடுத்ததற்குப் புதிதாக ஒன்று திறப்பார். திரையின் அடியில் அவருடைய பிரேதங்கள் வரிசையாகப் படுத்திருக்கும்.

அவரை அப்படியே விட்டிருந்தால் அவராகவே விழுந்திருப்பார். பாஸ் பண்ணினால் நாற்காலி அவளுக்கு வந்திருக்கும். ஒரு நாற்காலிக்கு அது போதும். ஒரு வஞ்சத்துக்குப் போதாது. தனபால் தோற்க வேண்டும், அதுவும் அவள் கையால் தோற்க வேண்டும், தோற்றபின் அது அவருக்குத் தெரியவும் வேண்டும் என்று அவள் விரும்பினாள். எனவே பரீட்சைக்கு ஒரு வாரம் இருக்கும்போது, பவ்யமாக அவரிடம் போனாள்.

"சார், லேப்புல பாதி வேலை முடிஞ்சதும் ஒரு தடவை தொடைக்கணுங்க சார். அப்பத்தான் மார்க்கு சுத்தமா விழும்."

"தொடைக்கறதுங்களா?"

"ஆமாங்க. அதுக்கு ரெண்டு கட்டளை இருக்குதுங்க. மொதல்ல ஒன்னு, 'சரியா?'ன்னு கேக்கும், என்ட்டர் தட்டணும். அப்புறம் ஒன்னு, அதுக்கும் என்ட்டர். நான் செய்யறப்ப இருமறேன். என் ஸ்கிரீனப் பாத்து நீங்களும் செஞ்சுருங்க சார். பெரிய எழுத்துலயே வெக்கறேன்."

முதல் கட்டளை கருவியின் நினைவிலிருப்பதை முழுக்க அழிக்கும். இரண்டாவது அதை அணைத்து எழுப்பும். எழும்போது அது பிறந்த குழந்தையாக இருக்கும்.

தனபால் அவளை வாத்சல்யத்தோடு பார்த்தார். "தொடைக்கறதுன்னா உங்களுக்குச் சொல்லோணுமா கண்ணு!"

சித்ராதேவி சிரித்துக்கொண்டே இடத்துக்குத் திரும்பினாள். அன்று மதியம் அவள் ஐந்து ஜன்னலைச் சின்னதாக்கி ஓரங்களில் பதுக்கி வைத்தாள். கறுப்பை மட்டும் நடுவில் விரித்து, எழுத்தைக் கண் மருத்துவரின் பலகையளவுக்குப் பெரிதாக்கிப் பழகினாள். கறுப்பில் அழிப்பது, மற்ற ஐந்தில் உண்மையாக வேலை செய்வது, சாயங்காலம் கறுப்புக்கு உரியதைத் திரும்ப எழுதிவிடுவது. திட்டத்தில் ஓட்டை எதுவும் தென்படவில்லை.

பெங்களூருக்குக் கம்பெனியின் குவாலிஸில் போனார்கள். டிரைவர் மாரப்பன் வண்டியின் முன்னால் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினார். பரீட்சை ஹால் குளிர்ந்து கிடந்தது. மேற்பார்வையாளர் மெலிந்த மனிதர், பெங்களூர்த் தமிழ் பேசினார். தனபால் அவரிடம் நாலு முறை வணக்கம் வைத்து, "நாங்க ஒரே ஊருங்க, பக்கம் பக்கமா உக்காந்துக்கறமுங்க" என்று கேட்டு, அந்த இடத்தை வாங்கிவிட்டார். இருவர் திரைக்கும் நடுவே ஐந்தடி இருந்தது.

எட்டரைக்குத் தொடங்கியது. சித்ராதேவி ஆறு ஜன்னலையும் திறந்து நிறம் பூசி, கறுப்பை நடுவில் விரித்தாள். அங்கிருந்த மானிட்டர்கள் பழசு, கம்பெனியில் இருப்பதைவிட மங்கல். மேலே நாலு டியூப்லைட். அதையெல்லாம் அவள் கவனிக்கவில்லை. நேவியில் தொடங்கினாள். வழிகளை எழுதினாள், மெரூனுக்குத் தாவினாள், திரும்பினாள். கை தானாக ஓடியது. பத்து மணிக்குள் நாற்பது மார்க்குக்கு உரிய வேலை முடிந்திருந்தது.

பக்கத்தில் தனபாலின் கை எழுந்தது.

"சார், என்ற ரூட்டருக்குள்ள ஆரோ ஆளு இருக்குதுங்க."

மேற்பார்வையாளர் வந்தார். "யாரும் இருக்க மாட்டாங்க சார்."

"உள்ளார வுட மாட்டேங்குதுங்க. ஏற்கெனவே ஆளு இருக்குதுன்னு சொல்லுதுங்க. நம்ம கட்டணம் கட்டித்தானுங்க வந்திருக்கறோம்?"

மேற்பார்வையாளர் குனிந்து, திரையின் அடியிலிருந்து சுருங்கிக் கிடந்த ஜன்னல்களை ஒவ்வொன்றாக மேலே இழுத்தார். "இதோ இருக்காரே ஆளு. இது நீங்க. இதுவும் நீங்க. பதினாலு ஜன்னல்ல நீங்களே உள்ள உக்காந்துக்கிட்டு நீங்களே கதவைத் தட்டறீங்க."

தனபால் நிம்மதியாக மூச்சு விட்டார். "நம்ம ஆளுதானா? அப்பப் பரவாயில்லீங்க."

ஹாலில் இருந்த இன்னும் மூன்று பேர் தலையைக் குனிந்துகொண்டு தோள் குலுங்கினார்கள். சித்ராதேவி சிரிக்கவில்லை. தன்னால் விழ வேண்டியவர் தானாகவே விழுந்துவிடுவாரோ என்று அவளுக்குப் பயம் வந்துவிட்டது. நேரத்தை முன்னுக்கு இழுத்தாள். பதினொன்றே காலுக்கு, கறுப்பு ஜன்னலில், பெரிய எழுத்தில், முதல் கட்டளையை அடித்தாள். இருமினாள்.

தனபால் திரும்பினார். கண்ணை இடுக்கி, முகத்தை முன்னால் நீட்டி அவள் திரையைப் பார்த்தார். தலையை ஆட்டினார். அவள் என்ட்டர் தட்டினாள். அடுத்த கட்டளை, அதற்கும் என்ட்டர். கடைக்குட்டிக் கருவி சுருண்டு விழுந்து, எழுந்திருக்க முயல ஆரம்பித்தது.

தனபால் எதையும் அடிக்கவில்லை. கையைக் கட்டிக்கொண்டு நாற்காலியில் சாய்ந்துவிட்டார்.

மறந்துவிட்டாரா? வரிசை புரியவில்லையா? அவள் சற்றுப் பொறுத்தாள். இடையில் நேவியைப் பெரிதாக்கி நடுவுக்குக் கொண்டுவந்து, இரண்டு வழிகளைச் சரிபார்த்தாள். மெலஞ்சில் ஒன்றைத் திருத்தினாள். தனபால் இன்னும் கை கட்டியபடி இருந்தார். வஞ்சம் அவளைப் பிடித்து உலுக்கியது. இருமுறை இருமினாள். அவர் திரும்பியதும், குழந்தைக்கு எழுத்துச் சொல்லிக்கொடுப்பதுபோல, ஒவ்வோர் எழுத்தாக நிறுத்தி நிறுத்தி முதல் கட்டளையை அடித்தாள். சரியா என்று கேட்டது. சரி. இரண்டாவது கட்டளை. சரியா என்றது. சரி, சரி.

தனபால் தலையை நன்றாக ஆட்டினார். தம் திரையைப் பார்த்தார். அது இருண்டு கிடந்தது. அவர் முகத்தில் ஒரு சாந்தம் வந்தது. நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்து, அவளைப் பார்த்து, "வந்தர்றனுங்க கண்ணு" என்று மெல்லச் சொல்லிவிட்டு வெளியே போனார்.

சித்ராதேவிக்கு உடம்பெல்லாம் தேன் ஊறியது. அழித்துவிட்டார்! எல்லாவற்றையும் துடைத்துக்கொண்டு போய்விட்டார்! எலி துடைப்பவள் யானையைத் துடைத்துவிட்டாள். அந்தப் பிளெக்ஸ், அந்தப் பூமி உருண்டை, 'அக்கட்டால நின்னுக்கறீங்களா', எல்லாம் போச்சு. திரும்பி வந்ததும் கண்ணைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். 'சுத்தமாயிருச்சுங்களா சார்?' 'ங்க' போட்டுத்தான்.

அந்த இன்பத்தை மெரூன் ஜன்னல் கலைத்தது. அதில் யாரும் கேட்காமலே ஒரு வரி வந்து விழுந்தது: பக்கத்துக் கருவியைக் காணவில்லை. பாட்டில் கிரீனிலும் அதே வரி வந்தது. காபி பிரவுன், மெலஞ்ச். நாலு ஜன்னலும் இழவு வீட்டுப் பெண்கள்போல மாறி மாறிச் சொல்லின: தலையைக் காணோம், தலையைக் காணோம்.

அவள் நடுவிலிருந்த ஜன்னலை உற்றுப் பார்த்தாள். கறுப்பு என்று நினைத்திருந்தாள். வரியின் தொடக்கத்தில் இருந்த பெயரைப் படித்தாள். ஒரு மாதத்துக்குப் பிறகு அன்றுதான் படித்தாள். அது நேவி.

நேவியையும் கறுப்பையும் டியூப்லைட்டில் பிரிக்க முடியாது என்பது செக்கிங் டேபிளில் இரண்டு நாள் உட்கார்ந்தவர்களுக்கே தெரியும். வாசலுக்கு எடுத்துப் போய் வெயிலில் பிரித்துப் பார்ப்பார்கள். கறுப்புப் பனியனில் நேவி நூல் போட்டுத் தைத்து, கப்பலேறி ஐரோப்பா வரை போய்த் திரும்பி வந்த சரக்குகள் திருப்பூரில் குடோன் குடோனாகக் கிடக்கின்றன. சின்னத்தாயின் மகளுக்கு இது தெரியாதா? தெரியும். ஆனால் மானிட்டரை வெயிலுக்குத் தூக்கிப்போக முடியாது.

அதற்குப் பிறகு சித்ராதேவி தனபாலை நினைக்கவில்லை. நினைக்க நேரமில்லை. மணி பதினொன்று ஐம்பது. நேவி பச்சைக் குழந்தையாக எழுந்து, உன் பெயர் என்ன என்று அவளையே கேட்டது. பெயரிலிருந்து தொடங்கினாள். சாப்பாட்டுக்கு எல்லோரும் எழுந்து போனார்கள். சாம்பார் வாசனை வந்தது. மேற்பார்வையாளர் மட்டும் பக்கத்தில் வந்து, "சாப்பிட்டுட்டு வாங்கம்மா, அரை மணி நேரம் எப்படியும் எதுவும் அடிக்க முடியாது" என்றார். அவள் போய், சாதத்தில் விரலால் வழிகளை வரைந்துவிட்டுத் திரும்பினாள். இரண்டு மணிக்குப் பாதி. மூன்றரைக்கு மெரூன் தலையைக் கண்டுகொண்டது. பிறகு பாட்டில் கிரீன், பிரவுன், மெலஞ்ச். ஒவ்வொரு ஜன்னலிலும் 'வந்துவிட்டது, வந்துவிட்டது' என்று வரி விழுந்தபோது அவளுக்கு அழுகை வந்தது. கடைசி மணி நேரத்தில் மீதமிருந்த கேள்விகளையும் முடித்துச் சேமித்தாள். ஐந்து மணிக்கு மேற்பார்வையாளர் கையைத் தட்டினார்.

தனபாலின் நாற்காலி பிற்பகல் முழுக்கக் காலியாகவே இருந்தது. அதை எழுந்தபிறகுதான் கவனித்தாள். வெற்றி உறுதியாகிவிட்டது என்று அதைப் பார்த்துத் தெரிந்துகொண்டாள்.

அவர் வெளியே குவாலிஸில் மாரப்பனோடு வறுகடலை தின்றுகொண்டிருந்தார். சித்ராதேவி தயார் செய்து வைத்திருந்த வார்த்தையை எடுத்தாள்.

"சுத்தமாயிருச்சுங்களா சார்?"

"கை சுத்தந்தானுங்க கண்ணு. ஏறுங்க, சேலத்துல காபி குடிச்சுக்கலாங்க."

கொஞ்சம்கூடக் கலங்காத அந்தக் குரலைக் கேட்டு அவள் வழி முழுக்க யோசித்தாள். அடி விழுந்தது இன்னும் அவருக்கு உறைக்கவில்லை, ரிசல்ட் வந்தால் உறைக்கும் என்று தன்னைத் தேற்றிக்கொண்டாள்.

மறுநாள் காலை ரிசல்ட் மெயிலில் வந்தது. தேற எண்பது வேண்டும். சித்ராதேவிக்கு எழுபத்தெட்டு. பகுதி பகுதியாக மார்க் போட்டிருந்தார்கள். நேவியில் முழு மார்க். மெரூன் முதல் மெலஞ்ச் வரை அங்கங்கே ஒன்றும் இரண்டுமாகத்தான் குறைந்திருந்தது. ஆறாவது கருவிக்கு உரிய மூன்று மார்க்கில் பூஜ்யம். அழித்ததைச் சாயங்காலம் திரும்ப எழுதிவிட வேண்டும் என்று போட்ட திட்டத்தை, நேவியை எழுப்பின அமளியில் அவள் மறந்தே போயிருந்தாள்.

கிட்டுசாமி இருவரையும் தம் அறைக்கு அழைத்தார். தாளை வாங்கித் தூரத்தில் பிடித்துப் பார்த்தார்.

"ரெண்டு மார்க்குல போச்சாங் கண்ணு? அடப் பாவமே. எண்பது வாங்கியிருந்தா ஆத்தா சத்தியமா அந்த ரூமு உங்களுக்குத்தான். வாக்கு வாக்குத்தானுங்க." பிறகு மச்சினனிடம் திரும்பினார். "மாப்ளே, உங்களுக்கு என்னாச்சு?"

"கரண்ட்டு போயிருச்சுங்க மச்சான்," என்றார் தனபால்.

"பெங்களூருலயுமா?"

"ஆமாங்க. யோசிச்சுட்டுச் செத்த நேரம் கைய எடுத்தனுங்க, டிவி பொட்டுன்னு அணைஞ்சு போச்சு. கரண்ட்டு வந்தா கூப்புடட்டும்னு வெளிய வந்து உக்காந்தனுங்க. கடைசி வரைக்கும் ஒருத்தருங் கூப்புடலீங்க."

தினம் நாலு மணி நேரம் கரண்ட் இல்லாத வருஷம் அது. ஷிப்மென்ட் தள்ளிப்போவதிலிருந்து சம்பந்தம் தள்ளிப்போவது வரைக்கும் திருப்பூரில் யாரும் மறுத்துப் பேசாத காரணம் அந்த ஒன்றுதான். கிட்டுசாமி 'த்சொ' கொட்டினார். "நீங்க என்ன பண்ணுவீங்க பாவம். அடுத்த தடவை பாத்துக்கலாம். அதுவரைக்கும் அந்த ரூம்ல நீங்களே இருங்க."

அறையை விட்டு வெளியே வந்ததும் சித்ராதேவி தனபாலின் வழியை மறித்து நின்றாள். அவள் குரலில் முதல்முறையாக 'சார்' இல்லை.

"கையெடுத்தா அணையறது கரண்ட்டு இல்ல, ஸ்கிரீன் சேவரு. அத விடுங்க. நான் ரெண்டு தடவை செஞ்சு காட்டினேன். இருமினேன். நீங்களும் பாத்தீங்க. தலைய ஆட்டினீங்கள்ல?"

"ஆட்டினனுங்க."

"அப்புறம் ஏன் செய்யல?"

தனபால் சங்கடத்தோடு நெளிந்தார். "என்னத்தைங் கண்ணு செய்யறது? நீங்க பாட்டுக்கு அந்தப் பக்கம் இருந்து இருமறீங்க. கண்டுக்காம இருந்தா நல்லாருக்காதேன்னு, ஒரு மரியாதைக்குத் தலைய ஆட்டினனுங்க."

தனபாலுக்குக் கிட்டப்பார்வை. இரண்டடிக்கு அப்பால் இருக்கிற எந்த எழுத்தும் அவருக்குத் தெரியாது.